ஏர்ல் பட்டம்: வேலைக்குக் கொடுத்ததா, இரத்தத்துக்குக் கொடுத்ததா?

தென்பொதிகை (13 நவம்பர் 2024, காலை 7.40)

பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் பிறப்புரிமையால் மட்டும் அமர்ந்திருப்பவர்களை வெளியேற்றும் மசோதாவை மக்கள் சபை இந்த வாரம் நிறைவேற்றிவிட்டது. அடுத்து அது பிரபுக்கள் சபைக்கே போக வேண்டும். 1999-இல் டோனி பிளேர் அரசு அறுநூறுக்கும் மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோது, சமரசமாக 92 இடங்களை விட்டுவைத்தது. இப்போது அவற்றுக்கும் முடிவு நெருங்குகிறது. நம் தளத்தின் வேறொரு இழையில் ஏட்டுச்சுவடி ஐயா, "ஏழு நூற்றாண்டு மரபை வேரோடு பிடுங்குகிறார்கள்" என்று வருந்தி எழுதியிருந்தார். ஆங்கிலப் பிரபு வம்சங்களை முப்பது ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருபவர் அவர். வருத்தம் உண்மையானது என்று தெரியும். ஆனாலும் மரபு என்ற சொல்லை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எந்த மரபு?

பிரபுப் பட்டங்கள் டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று மேலிருந்து கீழாக ஐந்து படி. அவற்றில் ஏர்ல் என்பது பிறவிப் பட்டமாகத் தொடங்கவே இல்லை. அது ஒரு வேலை. இங்கிலாந்தைப் பிடித்த டேனிய அரசன் க்னூட் 1017-இல் நாட்டை வெஸ்ஸெக்ஸ், மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, நார்தம்பிரியா என்று நான்காகப் பிரித்தான். இப்படிப்பட்ட பெரும்பகுதிகளில் அரசனின் ஆளாக இருந்து படை நடத்துபவன், மாவட்ட நீதிமன்றத்தில் தலைமை தாங்குபவன்தான் ஏர்ல். அதற்குக் கூலியும் உண்டு. நீதிமன்றத்தில் வசூலாகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. 'மூன்றாம் பென்னி' என்றே அதற்குப் பெயர்.

நார்தம்பிரியாவைப் பாருங்கள். 1055-இல் அங்கே ஏர்லாக இருந்த சிவர்ட் இறந்தபோது அவன் மகன் வால்தியோஃப் சிறுவன். எல்லைப்புறத்தைச் சிறுவனிடம் ஒப்படைக்க முடியாது என்பதால், அரசன் எட்வர்ட் அந்த இடத்தை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த டோஸ்டிக்குக் கொடுத்தான். பத்தே ஆண்டுகளில் டோஸ்டிக்கின் கொடுமை பொறுக்காமல் அந்தப் பகுதியின் நிலக்கிழார்கள் கிளர்ந்தெழுந்து அவனை விரட்டிவிட்டு மோர்கார் என்பவனைக் கொண்டுவந்தார்கள். அரசனும் ஒப்புக்கொண்டான். சரியாக ஆளத் தெரியாதவனை ஊரே தள்ளிவிடலாம் என்ற நிலை அன்றைக்கு இருந்தது.

1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் அதை நிலத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். மாவட்ட நிர்வாகம் அரசனின் அதிகாரியான ஷெரிஃபின் கைக்குப் போனது. மூன்றாம் பென்னி காலப்போக்கில் ஆண்டுக்கு இருபது பவுண்டு போன்ற ஒரு சடங்குத் தொகையாகச் சுருங்கியது. வேலை போய்விட்டது, கூலியும் தேய்ந்துவிட்டது, பெயர் மட்டும் மகனுக்கும் பேரனுக்கும் போய்க்கொண்டே இருந்தது. இதைத்தான் ஐயா மரபு என்கிறாரா?

ஏட்டுச்சுவடி (13 நவம்பர் 2024, பகல் 11.15)

தென்பொதிகை, நீங்கள் சொன்ன தொடக்கக் கதையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பிறகு நடந்ததுதான் இங்கிலாந்தை ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பிரான்சில் ஒரு பிரபுவுக்கு ஐந்து மகன்கள் இருந்தால் ஐவரும் பிரபு வர்க்கம். ஐவரின் பிள்ளைகளும் அப்படியே. வரிச்சலுகை உட்பட எல்லாம் இரத்தத்தோடு போகும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஏர்ல் ஒருவர்தான். அவருடைய மூத்த மகன்கூடத் தந்தை உயிரோடு இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன். தந்தையின் சிறிய பட்டமொன்றை மரியாதைக்காகச் சூட்டிக்கொள்வான், அவ்வளவுதான். மக்கள் சபைத் தேர்தலில் நிற்கலாம். இளைய மகன்கள் வழக்கறிஞராகவோ, பாதிரியாராகவோ, வணிகராகவோ பிழைப்பைத் தேடிப் போனார்கள். மார்ல்பரோ டியூக்கின் பேரனான வின்ஸ்டன் சர்ச்சில் வாழ்நாளில் ஒருநாளும் பரம்பரைப் பிரபுவாக இருந்ததில்லை. மேலே இருக்கும் ஒரே நாற்காலியை விட்டு மற்ற எல்லாரும் தலைமுறைதோறும் கீழே இறங்கி ஊரோடு கலந்துகொண்டே இருந்தார்கள். கீழே இருந்தவர்களும் மேலே ஏறினார்கள். பிரான்சில் 1789-இல் நடந்த புரட்சி இங்கிலாந்தில் நடக்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் மனமார நம்புகிறேன்.

அந்த நாற்காலியும் நிலையானது அல்ல. ஆக்ஸ்ஃபோர்ட் ஏர்ல்களான டி வேர் குடும்பம் 1141-இல் தொடங்கி இருபது தலைகள் கண்டு 1703-இல் வம்சம் அற்றுப்போனது. அந்தப் பட்டத்தின் மேல் 1626-இல் ஒரு வாரிசு வழக்கு நடந்தபோது, தலைமை நீதிபதி கிரூ பிரபுக்கள் முன் சொன்ன வார்த்தைகளை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "போஹூன் எங்கே? மோப்ரே எங்கே? மார்டிமர் எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாண்டாஜெனெட் எங்கே?" அந்தப் பெருங்குடும்பத்தார் எல்லாரும் கல்லறைத் தாழிகளுக்குள் போய்விட்டார்கள் என்றார். காலத்தின் கையில் எதுவும் நிற்காது என்று தெரிந்துகொண்டே ஒரு பெயரைக் காப்பாற்ற நினைப்பது எனக்கு அற்பமாகப் படவில்லை.

இன்னொன்று. வாக்குக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாதவன் கட்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஷாஃப்ட்ஸ்பரி ஏர்லை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் இறக்கக் கூடாது என்று 1842-இல் சட்டம் கொண்டுவந்தவர் அவர்தான்.

வாய்க்கால்மேடு (13 நவம்பர் 2024, பகல் 1.02)

ஐயா, ஒரு பிள்ளைக்குத்தான் பட்டம் என்பதால் பிரபுக் குடும்பங்கள் ஊரோடு கலந்தன என்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கமாகப் பார்க்கிறேன். ஒரே பிள்ளைக்குக் கொடுத்ததற்குக் காரணம் தாராளம் அல்ல, நிலம் சிதறக் கூடாது என்ற கணக்கு. ஐந்து பேருக்குப் பங்கு போட்டிருந்தால் நான்கு தலைமுறையில் கோட்டை கரைந்திருக்கும். நான்கு பேரை வெறுங்கையோடு அனுப்பி ஒருவனைக் கொழுக்க வைத்த ஏற்பாட்டுக்குச் சமூக ஏற்றத்தாழ்வைக் குறைத்த பெருமையைக் கொடுக்கலாமா?

1999-க்குப் பிறகு விட்டுவைத்த 92 இடங்களில் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் நடந்து வந்தது. வேட்பாளர் பரம்பரைப் பட்டம் உள்ளவராக இருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான இடங்களில் வாக்காளர்கள் அந்தக் கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள் மட்டும். 2016-இல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு ஓர் இடம் காலியானது. போட்டியிட்டவர்கள் ஏழு பேர். வாக்காளர்கள் மூன்று பேர். மூன்று வாக்குகளும் தர்சோ வைகவுண்டுக்கே விழுந்தன. ஒரு நாட்டின் சட்டத்தைத் திருத்தும் அவையில் இப்படி ஒருவர் வந்து உட்காரலாம் என்பதை எனக்கு ஏற்க முடியவில்லை.

அட்லி விஷயம் இன்னும் வேதனை. 1945-இல் தொழிலாளர் கட்சியின் பிரதமராகி இலவச மருத்துவம் கொண்டுவந்தவர் கிளெமன்ட் அட்லி. 1955-இல் அவரை ஏர்ல் ஆக்கினார்கள். அவருடைய பேரன், மூன்றாவது ஏர்ல் அட்லி, அந்த 92 பேரில் ஒருவராகக் கன்சர்வேட்டிவ் கட்சி வரிசையில் அமர்ந்தார். தாத்தாவின் கொள்கை இறங்கவில்லை, நாற்காலி மட்டும் இறங்கிவிட்டது.

தென்பொதிகை (13 நவம்பர் 2024, பகல் 2.30)

ஐயா, ஷாஃப்ட்ஸ்பரியைப் பற்றி ஒரு திருத்தம். அவர் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு, அதனால்தான் சொல்கிறேன். 1842-இல் அவர் ஏர்ல் அல்ல. தந்தை 1851 வரை உயிரோடு இருந்தார். நீங்களே விளக்கிய அந்த மரியாதைப் பட்டத்தோடு, ஆஷ்லி பிரபு என்ற பெயரில், வாக்குப் பெற்று மக்கள் சபையில் இருந்தார். சுரங்கச் சட்டத்தை அவர் அங்கிருந்துதான் கொண்டுவந்தார். அது பிரபுக்கள் சபைக்குப் போனபோது எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் லண்டன்டெரி மார்க்விஸ். டர்ஹம் பகுதியில் அவருக்குச் சொந்தமாக நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. வாக்குக் கேட்க வேண்டாதவருக்குக் கட்சிப் பயம் இல்லாமல் இருக்கலாம். தன் சுரங்கத்தின் வருமானம் பற்றிய பயம் நிச்சயம் இருந்தது.

வாக்குரிமையை விரிவாக்கிய 1832-இன் சீர்திருத்தச் சட்டமும் இதே கதைதான். கொண்டுவந்த பிரதமர் கிரே ஓர் ஏர்ல் என்பீர்கள், உண்மை. முந்தைய ஆண்டு அக்டோபரில் அந்த மசோதாவைத் தோற்கடித்தவர்களும் பிரபுக்களே. அந்தச் செய்தி கேட்டு நாட்டிங்ஹாமில் கோட்டையைக் கொளுத்தினார்கள், பிரிஸ்டலில் நாள்கணக்கில் கலவரம் நடந்தது. தேவையான அளவு புதிய பிரபுக்களை உருவாக்க அரசர் சம்மதித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் எதிர்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஏட்டுச்சுவடி (13 நவம்பர் 2024, மாலை 4.50)

ஷாஃப்ட்ஸ்பரி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆண்டைச் சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. ஆனால் 1875-இல் அவர் ஏர்ல்தான். அந்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்கு அருகில் ஃபுல்போர்ன் என்ற ஊரில் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஏற்றிவிடப்பட்ட சிறுவன் ஒருவன் இறந்தான். சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவதைத் தடுக்க அதற்கு முன் போட்ட சட்டங்கள் எல்லாம் ஏட்டில் தூங்கின. தொழில் செய்பவன் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும், காவல்துறை அதைக் கண்காணிக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபையில் மசோதா கொண்டுவந்து அந்தக் கொடுமையை முடித்துவைத்தவர் அவர். அப்போது வயது எழுபத்து நான்கு.

சட்டத்துக்கு மேலானவர்களாக அவர்கள் இருந்தார்கள் என்று யாரும் சொல்வதற்கு முன் இதையும் பதிவு செய்கிறேன். 1760-இல் ஃபெரர்ஸ் ஏர்ல் தன் காரியக்காரர் ஜான்சனைக் கணக்குப் பார்க்க வீட்டுக்கு அழைத்து, மண்டியிடச் சொல்லிச் சுட்டுவிட்டார். மறுநாள் ஜான்சன் இறந்தார். பிரபுக்கள் சபையே விசாரித்தது. தனக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று ஏர்ல் தானே வாதாடினார். ஏற்கவில்லை. மே 5-ஆம் தேதி தன் திருமண உடையை அணிந்துகொண்டு, சொந்தக் குதிரை வண்டியில் லண்டன் தெருக்கள் வழியாக டைபர்ன் தூக்குமேடைக்குப் போனார். சாதாரணக் கொலையாளிகளுக்குச் செய்வதைப் போலவே அவர் உடலையும் அறுத்து மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு வேலைக்காரரின் உயிருக்காக ஓர் ஏர்ல் தூக்கிலேறிய நாடு அது.

நிலவரசி (13 நவம்பர் 2024, இரவு 8.20)

வழக்கறிஞராக இருபது ஆண்டுகளாக வாரிசு வழக்குகளில் உழல்பவள் நான். அதனால் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலாவது ஃபெரர்ஸ். அவர் தூக்கிலேறியது உண்மை. அதற்கு எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பெம்ப்ரோக் ஏர்ல், ஏழாமவர், ஒருவரை அடித்துக் கொன்றார். 1678 ஏப்ரலில் பிரபுக்கள் சபை அவரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அது திட்டமிட்ட கொலை அல்ல, கைகலப்பில் நேர்ந்த மரணம் என்று வகைப்படுத்தியது. உடனே அவர் பிரபுக்களுக்கு உரிய சலுகையைக் கோரினார். ஆறாம் எட்வர்ட் காலத்தில் போட்ட ஒரு சட்டப்படி, முதல் குற்றத்துக்குத் தண்டனை இல்லாமல் விடுதலை பெறப் பிரபுக்களுக்கு உரிமை இருந்தது. நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஃபெரர்ஸ் விஷயத்திலும் மனிதனைத்தான் தூக்கிலிட்டார்கள். பட்டம் தம்பி வாஷிங்டனிடம் போய் ஐந்தாவது ஏர்லாக உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஏட்டுச்சுவடி ஐயா, டி வேர் குடும்பம் 1703-இல் "வம்சம் அற்றுப்போனது" என்று எழுதினீர்கள். அற்றுப்போகவில்லை. இருபதாவது ஏர்லுக்கு டயானா என்று ஒரு மகள் இருந்தார். திருமணமாகிப் பிள்ளைகளைப் பெற்றார். மாப்பிள்ளை செயின்ட் ஆல்பன்ஸ் டியூக். இரண்டாம் சார்லஸ் அரசருக்கும் நெல் க்வின் என்ற நடிகைக்கும் திருமணம் இல்லாமல் பிறந்தவர் அவர். நிதானமாக யோசித்துப் பாருங்கள். முறையான திருமணத்தில் பிறந்த மகள், ஐந்நூற்று அறுபது ஆண்டுப் பெயரின் கடைசி வாரிசு, அந்தப் பெயரைத் தொட முடியாது. முறைப்படி பிறக்காத அரசர் மகனுக்கு அதைவிட உயர்ந்த பட்டத்தைப் புதிதாகச் செய்து கொடுக்கலாம். அவர் பிறப்பை நான் குறை சொல்லவில்லை, குழந்தை மீது ஒரு குற்றமும் இல்லை. என் கோபம் முழுவதும் அந்த விதியின் மீதுதான்.

பட்டம் கிடைத்த பெண்ணுக்கும் இருக்கை கிடைக்கவில்லை. ரோண்டா வைகவுண்டஸ் மார்கரெட், லூசிடானியா கப்பல் மூழ்கியபோது உயிர் பிழைத்தவர், பெண் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். தந்தை தன் பட்டம் மகளுக்குப் போக வேண்டும் என்று சிறப்பு ஏற்பாடு பெற்றிருந்தார். மார்கரெட் 1922-இல் பிரபுக்கள் சபையில் அமர உரிமை கேட்டார். சபையின் சிறப்புரிமைக் குழு முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு நீதித்துறைக்குத் தலைமை வகித்த லார்ட் சான்ஸலர் பர்க்கன்ஹெட் கடுமையாக எதிர்த்து, மறுபடி விசாரிக்க வைத்து, தள்ளுபடி செய்ய வைத்தார். 1958-இல் ஆயுட்காலப் பட்டம் (வாரிசுக்கு இறங்காதது) பெற்ற பெண்களுக்குச் சபையின் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மார்கரெட் இறந்துவிட்டார். பரம்பரைப் பட்டம் உள்ள பெண்களுக்கு 1963 வரை அனுமதி இல்லை. மார் கவுண்டஸ் (ஏர்லுக்கு இணையான பெண் பட்டம்) 2020-இல் ஓய்வு பெற்றபோது பரம்பரை இடங்களில் ஒரே ஒரு பெண்ணும் இல்லாமல் போனது.

ஏட்டுச்சுவடி (13 நவம்பர் 2024, இரவு 10.05)

நிலவரசி அம்மா, டயானா விஷயத்தில் நீங்கள் சொன்னது என்னைத் தைத்துவிட்டது. என் குறிப்பேட்டில் அந்தக் குடும்ப மரத்தை நானே வரைந்தேன். 1703 என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மகளின் பெயர் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக "வம்சம் அற்றது" என்று எழுத என் கை தயங்கியதே இல்லை.

ஆனால் இது திருத்தக்கூடிய குறை. பட்டம் எப்படி இறங்க வேண்டும் என்பது அரசர் கொடுக்கும் பட்டயத்தின் வாசகத்தில் இருக்கிறது. வழக்கமான வாசகம், "அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு". 1553-இல் மேரி அரசி எட்வர்ட் கோர்ட்னியை டெவன் ஏர்லாக்கியபோது அந்தப் பட்டயத்தில் "உடலில் பிறந்த" என்ற சொற்கள் விடுபட்டன. மூன்றே ஆண்டுகளில் அவர் பாடுவா நகரத்தில் மனைவி, மக்கள் இல்லாமல் இறந்தார். பட்டம் முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. 1831-இல் பவ்டர்ஹாம் கோட்டையின் கோர்ட்னி குடும்பம் பிரபுக்கள் சபைக்கு வந்து, "நாங்கள் உடலில் பிறந்த வாரிசுகள் அல்ல, ஆனால் ஆண் வாரிசுகள்" என்று வாதாடியது. இரு கிளைகளும் பிரிந்தது பதினான்காம் நூற்றாண்டில். வழக்கை வென்றார்கள். இரண்டு சொல் இல்லாததால் 275 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பட்டம் முளைத்து வந்தது. சொல்லுக்கு அவ்வளவு வலிமை என்றால் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும் அல்லவா?

எடுத்தும் இருக்கிறார்கள். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன்கள் இல்லை. 1947-இல் அவரை ஏர்லாக்கியபோது மகள்களுக்கும் இறங்கும்படி எழுதினார்கள். 1979-இல் அவர் கொல்லப்பட்ட பிறகு மூத்த மகள் பட்ரீஷியா கவுண்டஸ் ஆனார். வீட்டைப் பழுது பார்க்கலாம். இடிக்க வேண்டுமா?

நிலவரசி (13 நவம்பர் 2024, இரவு 10.40)

மவுண்ட்பேட்டன் அரச குடும்பத்துக்கு உறவினர், போரில் வென்ற தளபதி. அவருக்காக வளைந்த சொல் மற்றவர்களுக்கு வளையவில்லை. 2013-இல் நாடாளுமன்றம் அரியணை வாரிசு விதியை மாற்றியது. மூத்தவள் மகளானாலும் அவளுக்கே முடி என்றது. அதே காலத்தில் பட்டங்களுக்கும் அப்படிச் செய்யலாம் என்று வந்த மசோதா நிறைவேறவில்லை. நாட்டையே ஆளலாம், தந்தையின் ஏர்ல் பட்டத்தை மட்டும் ஆள முடியாது! பழுது பார்க்க இடம் கொடுத்தார்கள், நேரமும் கொடுத்தார்கள் ஐயா. அவர்கள் செய்யவில்லை.

கடல்நாரை (14 நவம்பர் 2024, காலை 6.10)

வேல்ஸ் எல்லைக்கு அருகில் பதினாறு ஆண்டுகளாக வாழ்கிறேன். வழக்கமாக இங்கே படிப்பதோடு சரி. நேற்று முழுவதும் உங்கள் வாதத்தைப் படித்த பிறகு போவிஸ் கோட்டையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

செம்மண் நிறக் கல்லில் குன்றின் மேல் நிற்கும் கோட்டை, அடியில் படிப்படியாக இறங்கும் தோட்டம். பழமையான இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. உள்ளே ஓர் அறை முழுவதும் இந்தியப் பொருள்கள். திப்பு சுல்தானின் கூடாரம் அங்கே இருக்கிறது. வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாகப் பூச்சாடிகள் அச்சடித்த சீட்டித் துணி. அவருடைய சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் இருக்கிறது, கைக்குள் அடங்கும் அளவு. பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய முகத்தின் முன் முதல்முறை நின்றபோது என் மகள், "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பிளாசிப் போரை நடத்திய ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16, இவர் கவர்னராக இருந்தபோது. திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில், அதுவும் இவர் காலத்தில். கர்நாடக நவாபின் ஆட்சியைக் கம்பெனி முழுவதுமாக எடுத்துக்கொண்டதும் அதே 1801-இல். ஊருக்குத் திரும்பியபின் 1804-இல் அவரைப் போவிஸ் ஏர்ல் ஆக்கினார்கள்.

ஏன் போவிஸ் என்ற பெயர்? அது அவர் மனைவி ஹென்றியட்டாவின் குடும்பப் பட்டம். ஹென்றியட்டாவின் அண்ணன், முந்தைய போவிஸ் ஏர்ல், திருமணம் செய்யாமல் 1801-இல் இறந்தார். பட்டம் முடிந்தது. தங்கை உயிரோடு இருக்கிறார், ஆனாலும் பெண் என்பதால் அவருக்கு இல்லை. அதே பெயரில் ஒரு புதுப் பட்டம் செய்து கணவருக்குக் கொடுத்தார்கள். கோட்டையும் நிலங்களும் மகனுக்குப் போயின. அந்த மகன் 1807-இல் கிளைவ் என்ற பெயரை விட்டுத் தாய்வழிப் பெயரான ஹெர்பர்ட்டை வைத்துக்கொண்டார். நிலவரசி அக்கா சொன்ன விதியின் முழு உருவமும் இந்த ஒரு குடும்பத்தில் இருக்கிறது. நிலத்தைக் கொண்டுவந்தது பெண்ணின் வழி. பெயரைக் கொண்டுவந்ததும் பெண்ணின் வழி. பட்டம் மட்டும் அவர் தலையைத் தாண்டிப் போனது.

தென்பொதிகை ஐயா, ஏர்ல் என்பது வேலையாகத் தொடங்கியது என்றீர்கள். எட்வர்ட் கிளைவுக்கும் வேலைக்காகத்தான் கொடுத்தார்கள். அந்த வேலை நம் மண்ணில் நடந்தது.

கங்கைக்கரை (14 நவம்பர் 2024, காலை 9.30)

கொல்கத்தாவில் வசிப்பவன் என்பதால் இங்கே ஒரு வங்காளியை நினைவூட்ட விரும்புகிறேன். பிரிட்டிஷ் பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற ஒரே இந்தியர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. ஏர்ல் அல்ல, வரிசையில் கடைசிப் படியான பாரன் பட்டம், 1919-இல். அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் எடுத்துச் சென்று நிறைவேற்றியவர் அவர்தான். 1928-இல் காலமானார். மூத்த மகன் அருண்குமார் தந்தையின் இடத்தைக் கேட்டபோது, "உங்கள் தாய் தந்தை திருமணம் செல்லுமா?" என்று கேட்டார்கள். இந்து முறைத் திருமணம், அன்றைய இந்துச் சட்டம் பல மனைவியரை அனுமதித்தது, எனவே இங்கிலாந்துச் சட்டத்தின் பார்வையில் அது திருமணமா என்ற சந்தேகம்! பெற்றோர் திருமணத்துக்குப் பிறகு, ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார்கள், மூத்த மகன் பிறந்தது அதற்குப் பின் என்று காட்டிய பிறகே 1939-இல் உரிமையை ஒப்புக்கொண்டார்கள். பதினொரு ஆண்டுகள். ஒரு மகன் தன் தாய் மணமானவள் என்று அந்நியர்கள் முன் நிரூபித்துக்கொண்டு நின்ற ஆண்டுகள் அவை. அந்தத் தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

ஏட்டுச்சுவடி (14 நவம்பர் 2024, பகல் 12.45)

காலையிலிருந்து கடல்நாரை எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். போவிஸ் ஏர்ல்களின் வரிசை என் குறிப்பேட்டில் இருக்கிறது. 1804 என்று எழுதியிருக்கிறேன். கயத்தாறு என்று எழுதவில்லை. இரண்டையும் தெரிந்து வைத்திருந்தும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. என் சொந்த ஊரிலிருந்து கயத்தாறு பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

ஆகையால் என் நிலையைச் சுருக்கிக்கொள்கிறேன். நாடாளுமன்ற இருக்கை பிறப்பால் வரக் கூடாது. 92 பேரும் போகட்டும். ஆனால் பட்டத்தைத் தொடாதீர்கள் என்று இன்னும் கேட்பேன். அதிகாரம் இல்லாத ஒரு பெயர், குடும்பத்தின் நினைவு, அவ்வளவுதான். அதையும் பறிக்க வேண்டும் என்று வாய்க்கால்மேடு தம்பி எழுதப்போகிறார் என்று தெரியும். ஒருவரின் பெயரைச் சட்டம் போட்டுப் பறிக்க எந்த நாடாளுமன்றத்துக்கும் உரிமை இல்லை.

வாய்க்கால்மேடு (14 நவம்பர் 2024, பகல் 1.20)

ஐயா, பறிக்கச் சொல்லமாட்டேன். புதிதாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். அரச குடும்பத்துக்கு வெளியே 1984-இல் முன்னாள் பிரதமர் ஹாரால்ட் மேக்மில்லனுக்கு ஸ்டாக்டன் ஏர்ல் பட்டம் கொடுத்ததற்குப் பிறகு யாருக்கும் பரம்பரைப் பிரபுப் பட்டம் தரப்படவில்லை. அப்படியே இருக்கட்டும். ஆனால் 1909-இல் நியூகாசில் மேடையில், ஒரு டியூக்கைப் பராமரிக்க ஆகும் செலவில் இரண்டு போர்க்கப்பல்களை வைத்துக்கொள்ளலாம் என்று முழங்கிய, பின்னாளில் பிரதமரான லாயிட் ஜார்ஜே, 1945-இல் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஏர்ல் பட்டத்தை வாங்கிக்கொண்டார். வெறும் பெயராக இருந்தால் அவரைப் போன்ற ஒருவருக்கே அதன் மேல் ஆசை வந்திருக்குமா? பட்டம் வெறும் நினைவு என்று நீங்கள் சொல்வதை இதனால்தான் நம்ப முடியவில்லை.

நிலவரசி (14 நவம்பர் 2024, மாலை 3.10)

பறிக்க உரிமை இல்லை என்ற இடத்தில் மட்டும் ஒரு குறிப்பு ஐயா. ஏற்கெனவே பறித்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி பக்கம் நின்ற பிரிட்டிஷ் பிரபுக்களின் பட்டங்களை நீக்க 1917-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 1919-இல் கம்பர்லாந்து டியூக், அல்பனி டியூக், டாஃப் வைகவுண்ட் ஆகியோர் பட்டம் இழந்தார்கள். முதல் இருவரும் அரச இரத்தம். வாரிசுகள் அரசரிடம் மனுக் கொடுத்துத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் பெறவில்லை. செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. செய்ய முடியுமா என்றால் முடியும்.

ஏட்டுச்சுவடி (14 நவம்பர் 2024, மாலை 5.00)

அது போர்க்காலத்தில் எதிரியோடு சேர்ந்தவர்களுக்கு விதித்த தண்டனை அம்மா. ஒரு குற்றமும் செய்யாத குடும்பத்துக்கு அதைப் பொருத்த முடியாது. இந்த இடத்தில் நான் நகரமாட்டேன். சட்டத்தின் வாசகத்தை முழுவதும் படித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

கடல்நாரைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போவிஸ் போகும்போது ஹென்றியட்டாவின் ஓவியம் எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். 1800-இல் மகள்களோடு தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தவர் அவர். என் குறிப்பேட்டில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் "எட்வர்டின் மனைவி" என்று மட்டும் இருக்கிறது.